கட்டுப்படி யாருக்கு?

சென்ற வாரம் என் மேஜைக்கு ஒரு புத்தகம் வந்தது. புத்தகம் எதுவானாலும் கையில் எடுத்ததும் முதலில் ஆசிரியர் பெயரைப் பார்ப்பது என் வழக்கம். அடுத்தபடியாக விலையைப் பார்ப்பேன். இந்தப் புத்தகத்தில் இரண்டும் இல்லை. இருபத்து நான்கு பக்கங்கள்; வழவழப்பான ஆர்ட் காகிதம்; பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். என் நாவல்களில் ஒன்றுகூட இத்தனை நல்ல காகிதத்தில் அச்சானதில்லை. சென்னை நகரத்தின் நடுவே எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பற்றி, அதைக் கட்டுகிற கம்பெனி வெளியிட்ட விளம்பரப் புத்தகம் அது.

விளம்பரத்துக்குக்கூடவா விமர்சனம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு நாவலை நம்பி ஏமாந்தவனுக்கு நஷ்டம் இருநூறு முந்நூறு ரூபாயும், இரண்டு ராத்திரித் தூக்கமுந்தான். இந்தப் புத்தகத்தை நம்புகிறவன் இருபது வருஷச் சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறான். இரண்டில் எதை அதிகக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது தானாக வந்த புத்தகம் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அந்த வழியாகப் போனபோது, தகர வேலியில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போய், விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பதினேழு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஆசை வருவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆகவே நான் வெளியே நின்று கல்லெறிகிறவன் அல்ல. வாசற்படியில் ஏறி எட்டிப் பார்த்தவன்.

புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில், நகரத்தின் இதயத்தில், கட்டுப்படியாகும் விலையில், கனவு இல்லம் என்று மூன்று வரி இருக்கிறது. கனவை விட்டுவிடலாம், அது அவரவர் சொந்த விஷயம். இதயத்தையும் விட்டுவிடலாம். நடுவில் இருக்கிற வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்திற்று. கட்டுப்படியாகும்!

இந்த வார்த்தை எங்கே பிறந்தது என்பது கடைத்தெருவுக்குப் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். கீரைக்காரியிடம் கட்டு பத்து ரூபாய்க்குத் தருகிறாயா என்று கேட்டால், "கட்டுப்படியாகாது" என்பாள். தான் கொள்முதல் செய்த விலை, வண்டிச் சத்தம், வாடி உதிர்ந்ததில் போன நஷ்டம் எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு அவள் சொல்கிற வார்த்தை அது. விற்கிறவளின் வார்த்தை. வாங்குகிறவன் தன் பையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு இதே வார்த்தையைச் சொல்வதும் உண்டு. ஆனால் யார் சொன்னாலும், எனக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் சொல்வார்கள். 'எனக்கு' என்பது வாய்விட்டு வராவிட்டாலும் உள்ளே இருக்கும். தனக்குக் கட்டுப்படியாகுமா என்று தெரிந்தவன் தான் ஒருவன்தான்.

புத்தகத்தில் அந்த 'எனக்கு' இல்லை. 'உங்களுக்கு' என்றும் இல்லை. யாருக்கு என்பதே இல்லாமல் வெறுமனே 'கட்டுப்படியாகும்' என்று நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படி வாக்கியம் எழுதினால் தமிழாசிரியர் ஓரத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறியைப் போடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

விலை போடவில்லையே என்று புத்தகத்தில் இருந்த எண்ணுக்கு டெலிபோன் செய்தேன். பேசிய இளைஞர் மிகவும் மரியாதையானவர். சின்ன வீடு ஒன்று 45 லட்சத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டது மட்டும் கேட்டது. "அந்த பட்ஜெட்டுக்கு ஒரகடம், மறைமலைநகர் பக்கம் பாருங்க சார். சிட்டிக்குள்ள வராது" என்றார். நகரத்தின் இதயத்தைப் பற்றி விசாரித்தவனை, நகரத்தின் கால்விரலையும் தாண்டி அனுப்பிவிட்டார்.

அந்த 45 லட்சம் நான் குத்துமதிப்பாகச் சொன்ன தொகை அல்ல. அது சர்க்கார் சொன்ன தொகை. 2019 ஏப்ரலில், கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. வரியை மாற்றியபோது, கட்டுப்படியாகும் வீடு எது என்பதற்கு மத்திய அரசு ஓர் இலக்கணம் வகுத்தது. சென்னை போன்ற பெருநகரமானால், சுவர்களுக்கு உட்பட்ட தளப்பரப்பு 60 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 645 சதுர அடிக்கு மேற்படக் கூடாது. விலை 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் அடங்கினால் வரி 1 சதவிகிதம். மற்ற வீடுகளுக்கு 5 சதவிகிதம்.

இந்த இலக்கணத்தில் வீட்டின் நீளம் அகலம் இருக்கிறது, விலை இருக்கிறது. வாங்குகிறவனின் வருமானம் மட்டும் இல்லை. சட்டையின் அளவைச் சொல்லிவிட்டு, இது எல்லோருக்கும் பொருந்தும் என்று முடிவு கட்டுவது போல் இருக்கிறது.

கல்லூரிக் கணக்கு எனக்கு அதிகம் வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கூட்டுவட்டி மறக்கவில்லை. 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 9 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 36 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் இருபது வருஷத்துக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 32,390 ரூபாய். இருபது வருஷத்தில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 77 லட்சத்து 74 ஆயிரம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. அந்தப்படி பார்த்தால் மாதம் 97 ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறவனுக்குத்தான் சர்க்காரின் கட்டுப்படியாகும் வீடே கட்டுப்படியாகும். அந்த விலைக்கும் நகரத்துக்குள் கிடையாது என்பது டெலிபோனில் தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைக்காக இழுத்து வரவில்லை. இந்தப் புத்தகத்துக்கும் அவருக்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது. கட்டடம் எழும்புகிற அதே இடத்தில் முன்பு ஒரு சந்து இருந்தது. சந்தின் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை. அதில் ஒன்றில் அந்த அம்மாள் இருபது வருஷம் வாடகைக்கு இருந்தார். நிலத்துக்காரர் விற்றார், குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. அக்கம்பக்கத்தில் அவர் கொடுக்கக்கூடிய வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையிலிருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் அல்லவா? அதில் இவருடைய தங்கை குடும்பமும் ஒன்று. இப்போது அந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்.

சந்தில் இருந்தபோது நாலு வீட்டு வேலை செய்தார். வீட்டுக்கு 3,000 வீதம் மாதம் 12,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு 4,000. மாதம் 4,000 தவணை கட்டினால், அதே வட்டியில், அதே இருபது வருஷத்தில், எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். சர்க்கார் சொன்ன வரம்பு 45 லட்சம். இந்த அம்மாளுக்கு இயன்றது ஏறக்குறைய நாலரை லட்சம். நடுவிலே ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். அந்த ஒரு சுழிக்குள் இந்த நகரத்தின் பாதி ஜனங்கள் விழுந்து கிடக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கட்டுகிற கம்பெனிக்காரர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். "நிலம் விற்கிற விலை தெரியுமா? சிமெண்டு, இரும்பு, கூலி, அனுமதி வாங்கும்வரை ஏறுகிற வட்டி இதெல்லாம் தெரியுமா? நான் சத்திரமா கட்டுகிறேன்?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். லாபம் வைத்து விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. என் புத்தகத்தைப் போடுகிறவரும் லாபம் வைத்துத்தான் விற்கிறார். வீட்டை வீடென்று சொல்லி, விலையை விலையென்று போட்டு விற்கட்டும். கீரைக்காரியின் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்த வார்த்தையை இரவல் கொடுத்த சர்க்காரோடுதான் எனக்குப் பெரிய வழக்கு.

ஏனென்றால், ஒரு காலத்தில் சர்க்காரே சரியான திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. 2008-இல் வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்து விதிகளில் ஒன்று இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு, ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட நிலத்தில் குடியிருப்புக் கட்டுகிறவர், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கி, ஒவ்வொன்றும் 45 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறிய வீடுகளாகக் கட்ட வேண்டும். அதே நிலத்தில் கட்டலாம்; முடியாவிட்டால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்ட வேண்டும். அந்த 2 கிலோமீட்டரை எழுதின உத்தியோகஸ்தர் யாரோ, அவரை நான் மனதார வணங்குகிறேன். வேலைக்குப் போகிறவள் நடந்து போகக்கூடிய தூரம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக, ஏழைகளின் உறைவிடத்துக்கென்று ஒரு கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் போகலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். பணம் நிதியில் சேரும். நிதியிலிருந்து எங்கேயாவது வீடு கட்டப்படும். 'எங்கேயாவது' என்பதுதான் விஷயம். நிலம் எங்கே மலிவோ அங்கேதான் அந்தப் பணத்துக்கு வீடு கட்ட முடியும். பக்கத்து வீட்டுக்காரனாக இருக்க வேண்டியவனை ரசீதாக மாற்றிவிட்டோம்.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனின் ஆலைக்கு இருந்த புத்திகூட நமக்கு இல்லாமற் போயிற்று. பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை இருந்தது. பின்னி ஆலை என்றால் வடசென்னைக்காரர்களுக்கு உடனே தெரியும். 1918-இல் இந்தத் தேசத்தின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது அங்கே வேலை செய்தவர்களால்தான். 1921-இல் மாதக்கணக்காக வேலைநிறுத்தம் நடந்ததும் அங்கேதான். அந்த முதலாளிகளைத் தர்மவான்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தொழிலாளிகளில் ஒரு பகுதியினருக்காவது ஆலைக்கு அருகிலேயே வீடு கட்டித் தந்தார்கள். கருணையினால் அல்ல, சங்கு ஊதினால் ஆள் வந்து நிற்க வேண்டும், அதனால். ஆலை 1996-இல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்கடுக்காகக் குடியிருப்புக் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கேயும் காலையில் வேலைக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். சமையலுக்கு, துடைப்பதற்கு, காவலுக்கு, லிப்டு பழுது பார்ப்பதற்கு. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது மட்டும் எவருக்கும் கவலை இல்லை. சங்கு இல்லை அல்லவா!

ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே, நகரத்துக்குள்ளேயே, மூன்று மாடி நாலு மாடிக் கட்டடங்களைக் கட்டி அங்கேயே குடிவைத்தார்கள். அந்த வீடுகள் சிறியவை. சுவரில் ஈரம் ஏறும். தண்ணீருக்குச் சண்டை உண்டு. ஆனால் மீன் விற்றவள் மீன் விற்றாள். துறைமுகத்துக்குப் போனவன் துறைமுகத்துக்குப் போனான். எத்தனை குறை சொன்னாலும் இந்த ஒரு நியாயம் அந்தக் கட்டடங்களில் இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் திசை மாறிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் ஆயிரம் ஆயிரமாக வீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. வாழ்விடம் என்றால் வாழ்கிற இடம். தூங்குகிற இடம் மட்டும் அல்ல.

பெரும்பாக்கத்து வீட்டுக்கு அந்தத் தங்கை குடும்பம் பெரிதாக விலை ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியானால் அது கட்டுப்படியான வீடுதானே? அங்கேதான் இந்த வார்த்தையின் சூது இருக்கிறது. எங்கள் வீட்டு அம்மாள் காலை ஐந்து மணிக்கு முன்பே புறப்படுகிறார். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண வண்டியில் டிக்கெட் இல்லை என்று ஆனது பெரிய உபகாரம்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் டிக்கெட்டைத்தான் சர்க்கார் தள்ளுபடி செய்ய முடிந்தது. தூரத்தைத் தள்ளுபடி செய்ய முடியவில்லை. இரண்டு வண்டி மாறி எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது மணி ஏழு. ஆறு மணிக்கு ஆள் வேண்டும் என்கிற இரண்டு வீடுகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டுவிட்டன. 12,000 இப்போது 6,000. மாதம் 6,000 ரூபாய் போய்விட்டது. இனாமாகக் கிடைத்த கூரைக்கு இந்த அம்மாள் கொடுக்கிற வாடகை இது. எந்தப் பத்திரத்திலும் இந்தத் தொகை எழுதப்படவில்லை.

சரி, நகரத்துக்குள்ளேயே மறுபடியும் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் உதாரணம் இருக்கிறது. புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் பழைய வாரிய வீடுகள் இருந்த இடத்திலேயே புதிதாக உயரமான கட்டடங்கள் கட்டினார்கள். கொள்கை மிகச் சரி. ஆனால் 2021-இல் ஜனங்கள் குடியேறின சமயத்தில், சுவர்ப் பூச்சு கைபட்டால் உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. முன்பு அங்கேயே குடியிருந்தவர்களிடம், பயனாளி பங்கு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. அவர்கள் எதிர்த்தார்கள். காகிதத்தில் பார்த்தால் ஒன்றரை லட்சம் சொற்பத் தொகை; வீட்டின் அடக்க விலையில் ஒரு சிறு பகுதி. மாதம் 12,000 சம்பாதிக்கிற குடும்பத்துக்கு அது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட மொத்த வருமானம்.

கட்டடம் எழும்புகிற வரையில் வெளியே எங்கே இருப்பது? இப்படிக் காலி செய்கிற குடும்பங்களுக்குக் கொடுத்துவந்த கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000-ஆக உயர்த்தியதாக 2021-இல் அறிவிப்பு வந்தது. உயர்த்தியது நல்லதே. ஆனால் ஒன்றரை வருஷத்தில் கட்டி முடித்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். இந்த நகரத்தில் அந்த வாடகைக்கு ஓர் அறை இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், நானே போய்விடுகிறேன். மேலும் அதன் பெயரைப் பாருங்கள், கருணைத் தொகை! ஒருவனை அவன் வீட்டிலிருந்து எழுப்பிவிட்டு, இடைக்கால வாடகையைக் கருணை என்று சொல்வது தமிழுக்கும் அழகல்ல, கருணைக்கும் அழகல்ல.

ஆகவே ஒரு கட்டடத்துக்குக் 'கட்டுப்படியாகும்' என்று பெயர் சூட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அந்தத் தெருவில் வேலை செய்கிறவர்களின் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அதன் தவணையோ வாடகையோ அடங்குமா? முன்பு அங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து குடியிருப்பார்கள்? நடுவில் அவர்கள் எங்கே, யார் செலவில் இருப்பார்கள்? மூன்றுக்கும் விடை எழுதிப் பலகையில் மாட்டட்டும். விடை சரியாக இருந்தால் கட்டுகிறவருக்கு வரியை அடியோடு தள்ளுபடி செய்யட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த 2 கிலோமீட்டர் விதியை, பணம் கட்டித் தப்பிக்கிற வழியை அடைத்துவிட்டு, மறுபடியும் உயிர்ப்பிக்கட்டும். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்களாக வேண்டும் என்பதுகூட இல்லை. கொடுக்கக்கூடிய வாடகைக்கு, நடக்கக்கூடிய தூரத்தில், நாளைக்கு எழுந்து போ என்று சொல்ல முடியாத ஓர் அறை இருந்தால் பலருக்கு அதுவே போதும். அதைக் கட்டித் தர இன்று யாரும் முன்வரக் காணோம். விற்பதற்குத்தான் எல்லோரும் கட்டுகிறார்கள்.

நானும் அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கவில்லை. மனம் திருந்தியதால் என்று நினைத்துவிடாதீர்கள், பணம் இல்லாததால். இருந்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. இந்தக் கட்டுரையையும் எழுதியிருக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் கூடத்தைப் பெருக்க வந்தார். புத்தகம் மேஜையில் திறந்து கிடந்தது. வானளாவிய கட்டடத்தின் காலடியில் ஒரு பழைய வேப்பமரம் படத்தில் இருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"சார், இது எங்க சந்து மரமில்ல?"

"ஆமாம்மா, அதே இடந்தான்."

"மரத்தை வெட்டலியா? பரவால்லியே. வீடு எவ்ளோ சார் சொல்றாங்க? நீங்க வாங்கப் போறீங்களா?"

"எனக்கெல்லாம் கட்டாதும்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அலமாரி நிறைய இருந்த புத்தகங்களைப் பார்த்தார். "உங்களுக்கே கட்டலேன்னா, அப்புறம் யாருக்கு சார் கட்றாங்க?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். ஒன்பதரை வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும் அவர்.